டொட்டியை விசுவாசத்துக்காக மட்டும் நினைவுகூர்வது சரிதானா?

வாவிக்கரை (கல்லடி):

இத்தாலிய உதைபந்தாட்ட வீரர் பிரான்செஸ்கோ டொட்டியைப் பற்றி நம் பகுதி இளம் வீரர்களிடம் பேச்சுக் கொடுத்தால், ஏறாவூராக இருந்தாலும் திருக்கோவிலாக இருந்தாலும் ஒரே பதில்தான் வருகிறது: வாழ்நாள் முழுவதும் ஒரே கழகத்துக்காக ஆடியவர். அது உண்மைதான். 1993 மார்ச் 28ஆம் திகதி பதினாறு வயதில் பிரெஸ்சியா அணிக்கு எதிராக மாற்று வீரராகக் களமிறங்கியவர், 2017 மே 28ஆம் திகதி ஜெனோவாவுக்கு எதிரான கடைசிப் போட்டி வரை ரோமா கழகத்துக்காக 786 போட்டிகளில் 307 கோல்களை அடித்தார். இத்தாலியின் முதல்தர லீக்கான சீரி ஏ போட்டிகளில் மட்டும் 250 கோல்கள். அந்தப் பட்டியலில் அவருக்கு மேலே இருப்பவர் 274 கோல்கள் அடித்த சில்வியோ பியோலா ஒருவரே.

ஆனால் கழகங்களின் ஆண்டு விழா மேடைகளில் அவர் பெயர் எடுக்கப்படும் விதம் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. வேறு கழகத்துக்குப் போக நினைக்கும் பையனுக்கு அறிவுரை சொல்வதற்கே அவரைப் பயன்படுத்துகிறார்கள். அவர் பந்தை என்ன செய்தார் என்பதை எந்தப் பேச்சாளரும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், டொட்டி மூன்று நான்கு கழகங்களுக்கு மாறியிருந்தாலும் அவருடைய தலைமுறையில் விளையாட்டை மிக வேகமாக வாசித்த வீரர்களில் ஒருவராகவே இருந்திருப்பார். தன்னை நோக்கிப் பந்து வருவதற்கு முன்பே முதுகுப்புறம் யார் எங்கே ஓடுகிறார்கள் என்பதை ஒருமுறை திரும்பிப் பார்த்து வைத்துக்கொண்டு, வந்த பந்தை நிறுத்தாமல் ஒரே தொடுகையில் அந்த ஓட்டத்தின் முன்னால் தள்ளிவிடும் அந்த வித்தையை அவரைப் போலச் செய்தவர்கள் மிகச் சிலரே. விசுவாசத்தைப் பற்றிய பேச்சு இந்த ஆட்டக்காரரை மறைத்துவிட்டது என்பதே என் குறை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

சந்தாங்கேணி (கல்முனை):

தம்பி, மாற்றுக் கருத்து எனக்கு இருக்கிறது. நான் பழைய மிலான் ரசிகன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் அதைக் கண்டுபிடித்துச் சொல்லத் தேவையில்லை.

ஒரு கழகத்தில் கால் நூற்றாண்டு ஆடி அவர் வென்றவை ஒரு லீக் பட்டம், இரண்டு இத்தாலியக் கிண்ணங்கள், இரண்டு சுப்பர் கிண்ணங்கள். பவுலோ மல்தினியும் ஒரே கழகத்துக்காகத்தான் ஆடினார். 902 போட்டிகள், ஏழு லீக் பட்டங்கள், ஐந்து ஐரோப்பியக் கிண்ணங்கள். விசுவாசத்தையும் வெற்றியையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தவர் அவர். டொட்டியை 2004இல் ரியல் மெட்ரிட் அழைத்தபோது போயிருந்தால், சிடானும் ரொனால்டோவும் இருந்த அணியில் தன் தரத்தை நிரூபித்திருக்கலாம். பிறந்த ஊரிலே, தன்னை அரசனாகக் கொண்டாடும் ஜனத்தின் நடுவிலே இருப்பது தியாகமா, வசதியா? சிறுவயதில் மிலான் கழகம் கேட்டபோது தாயார் விடவில்லை என்பார்கள். வளர்ந்த பிறகும் அவர் அந்த வீட்டை விட்டுப் புறப்படவே இல்லை என்றுதான் நான் சொல்வேன்.

பெரிய இரவுகளையும் பாருங்கள். 2007 ஏப்ரலில் மென்செஸ்டரில் 7-1 என்று தோற்ற அணியின் தலைவர் யார்? 2010இல் பட்டம் கைக்கு எட்டிய நிலையில் சொந்த மைதானத்தில் சம்ப்டோரியாவிடம் 2-1 என்று தோற்று, இன்டர் மிலானிடம் இரண்டு புள்ளிகளால் பட்டத்தை விட்டுக்கொடுத்த அணியின் தலைவர் யார்?

வாவிக்கரை (கல்லடி):

நானா, மென்செஸ்டர் இரவுக்கு என்னிடம் சமாதானம் இல்லை. அன்று அணி முழுவதுமே சிதறிப் போயிற்று, அவரும்தான். ஆனால் சம்ப்டோரியாவுக்கு எதிரான போட்டியில் ரோமாவின் கோலை அடித்தவரே டொட்டிதான். இரண்டாம் பாதியில் பட்சினி இரண்டு கோல்களை அடித்தபோது பின்களம் தூங்கியதற்கு முன்களத்தில் நின்றவரைப் பொறுப்பாக்குவது நியாயமில்லை.

மல்தினியோடு ஒப்பிடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மிலானின் அந்தப் பொற்காலத்தில் கழகத்திடம் குறைவில்லாத பணமும், ஐரோப்பாவின் சிறந்த வீரர்களை வாங்கிக் குவிக்கும் வல்லமையும் இருந்தன. ரோமாவோ அதன் முழு வரலாற்றிலும் 1942, 1983, 2001 ஆகிய மூன்று ஆண்டுகளில் மட்டுமே லீக் பட்டம் வென்ற கழகம். அந்த மூன்றில் ஒன்று டொட்டியின் தலைமையில் வந்தது. கபெல்லோவின் பயிற்சியில், பட்டிஸ்டுட்டா 20 கோல்கள் அடித்த அந்தப் பருவகாலத்தின் கடைசி நாளான 2001 ஜூன் 17ஆம் திகதி பார்மாவை 3-1 என்று வென்றபோது, முதல் கோல் டொட்டியுடையது. பிறகு மொன்டெல்லாவும் பட்டிஸ்டுட்டாவும் அடித்தார்கள்.

இனி என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். 2004-05 பருவகாலத்தில் பயிற்றுநர்கள் ஒருவர் பின் ஒருவராக மாறிக் கழகம் எட்டாம் இடத்துக்குச் சரிந்தது. அடுத்த ஆண்டு லூசியானோ ஸ்பலெட்டி வந்தார். 2005 டிசம்பரில் அவரிடம் நம்பக்கூடிய முன்கள வீரர் இல்லை. மொன்டெல்லாவுக்குக் காயம், கசானோ ரியல் மெட்ரிட்டுக்குப் புறப்படும் நிலையில் இருந்தார். வேறு வழியில்லாமல் ஸ்பலெட்டி டொட்டியை எல்லோருக்கும் முன்னால் தனியாக நிறுத்தினார். அவர் அங்கே நிற்கவில்லை. எதிரணியின் இரண்டு மத்திய பின்கள வீரர்களுக்கு நடுவில் தொடங்கி, பந்து ரோமாவின் காலுக்கு வந்ததும் பத்துப் பன்னிரண்டு அடி பின்னால் இறங்கி வருவார். அவரைக் காவல் காத்தவர் கூடவே வந்தால், அவர் விட்ட வெற்றிடத்துக்குள் பெரோட்டாவும் தத்தெய்யும் மன்சினியும் பாய்வார்கள். வராவிட்டால் டொட்டி நிதானமாகத் திரும்பி, வேண்டிய இடத்துக்குப் பந்தைப் போடுவார். பின்கள வீரர் எதைத் தேர்ந்தாலும் தவறாகிவிடும். பார்சிலோனாவில் மெஸ்ஸியை அப்படி நிறுத்தியதைப் பற்றி உலகமே எழுதியது 2009இல். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு மேலாக முன்பே ரோமா அதைச் செய்து, தொடர்ந்து 11 லீக் போட்டிகளில் வென்றிருந்தது. அந்தப் பதினோராவது வெற்றி லாசியோவுக்கு எதிரானது, அதில் டொட்டி காயத்தால் ஆடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த பருவகாலத்தில், முப்பது வயதில், 26 லீக் கோல்கள் அடித்து ஐரோப்பிய லீக்குகளில் அதிக கோல் அடிப்பவருக்கான தங்கப் பாதணியை வென்றார். கோல் அடிப்பவருக்காக மட்டுமே அந்த இடம் என்று இருந்ததை, கோலைத் தயாரிப்பவரும் அங்கிருந்தே அடிக்கலாம் என்று மாற்றிக் காட்டியவருக்கு, கிண்ணங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து மதிப்பெண் போடலாமா?

பழைய விசில் (அக்கரைப்பற்று):

நான் நெடுங்காலம் மத்தியஸ்தராக இருந்தவன். கோல்களைப் பற்றி நீங்கள் இருவரும் பேசுங்கள், நான் அட்டைகளைப் பற்றி எழுதுகிறேன். இந்த இழையில் அது விடுபட்டால் படம் முழுமையாகாது.

2004 ஐரோப்பியக் கிண்ணத்தில் டென்மார்க் வீரர் போல்சனின் முகத்தில் துப்பியதற்காக டொட்டிக்கு மூன்று போட்டித் தடை விதிக்கப்பட்டது. மத்தியஸ்தரின் கண்ணுக்குத் தப்பி, கமெராவில் அகப்பட்ட குற்றம் அது. 2010 மே மாதம் இத்தாலியக் கிண்ண இறுதிப் போட்டியில், பந்தை விட்டுவிட்டு இன்டர் மிலான் வீரர் பலோடெல்லியைப் பின்னாலிருந்து உதைத்துச் சிவப்பு அட்டை பெற்றார். இவற்றுக்கு ‘அணிப் பற்று’ என்று பூச்சுப் பூசக் கூடாது. அணித் தலைவரின் கைப்பட்டியோடு அப்படி உதைப்பவரை நம் மைதானங்களில் நான் பலமுறை வெளியேற்றியிருக்கிறேன், அவருக்காக வாதாட வந்தவர்களையும்தான்.

அதே வேளையில் 2002 உலகக் கிண்ணத்தில் தென்கொரியாவுக்கு எதிராக மத்தியஸ்தர் பைரன் மொரேனோ அவருக்குக் காட்டிய இரண்டாவது மஞ்சள் அட்டை வேறு விடயம். தண்டனை எல்லைக்குள் இருவருடைய கால்களும் சிக்குண்டன, டொட்டி விழுந்தார். தண்டனை உதை கொடுக்கும் அளவுக்கு அது பின்கள வீரரின் தவறும் அல்ல, நடித்தார் என்று அட்டை காட்டும் அளவுக்கு ஏமாற்றும் அல்ல. ஆட்டத்தைத் தொடர விட்டிருக்க வேண்டும். மேலதிக நேரத்தில், ஏற்கெனவே ஓர் அட்டை வாங்கிய வீரர் மீது, ஐயத்துக்கு இடமிருக்கும்போது கை சட்டைப்பைக்குப் போகக் கூடாது என்றுதான் நாங்கள் படித்தோம்.

வந்தாறுமூலை மாணவன்:

நான் டொட்டியை முழுப் போட்டியில் பார்த்ததே இல்லை. அவர் ஓய்வு பெற்றபோது நான் பாடசாலையில் கீழ் வகுப்பில் இருந்தேன். ஆகையால் ஒரு கேள்வியோடு வருகிறேன்.

எங்கள் கழகத்தில் ஒரு மூத்த அண்ணன் இருக்கிறார். பத்தாம் இலக்கச் சட்டை அவருடையது, பெனால்டி அவருடையது, ஃப்ரீ கிக் அவருடையது. மிகவும் நல்ல மனிதர், கழகத்துக்காகத் தன் கைப்பணத்தைப் போட்டவர். ஆனால் அவர் இப்போது ஓடுவதில்லை. அவரை வெளியே உட்கார வைக்கும் துணிவு எவருக்கும் இல்லை, எங்கள் வயதுப் பையன்கள் இரண்டு பேர் இதனாலேயே வேறு கழகத்துக்குப் போய்விட்டார்கள். இதைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே டொட்டி நாற்பது வயது வரை ஆடவில்லையா என்கிறார்கள். ரோமாவிலும் இப்படித்தான் நடந்ததா?

தாளங்குடா ரீச்சர்:

தம்பி கேட்டது நல்ல கேள்வி. இந்த இழையில் இதுவரை யாரும் தொடாத பக்கமும் அதுதான். ரோமாவில் அப்படி நடக்கவில்லை என்பதே பதில். அங்கே அவரை உட்கார வைக்கும் துணிவு ஒருவருக்கு இருந்தது. அவரைத் தங்கப் பாதணி வரை கொண்டுபோன அதே ஸ்பலெட்டி.

2016 ஜனவரியில் ஸ்பலெட்டி இரண்டாம் முறையாகப் பயிற்றுநராக வந்தார். டொட்டிக்கு அப்போது 39 வயது. ஆட்ட நேரம் குறைந்தது. பிப்ரவரியில் டொட்டி தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்துத் தமக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்றார். பலெர்மோ போட்டிக்கு முன்பு ஸ்பலெட்டி அவரைப் பயிற்சி முகாமிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார். மைதானத்தில் ரசிகர்கள் பயிற்றுநரைத் திட்டினார்கள், ஆனால் ரோமா அந்தப் போட்டியை 5-0 என்று வென்றது. இவ்வளவோடு கதை முடிந்திருந்தால் பயிற்றுநர் பக்கமே நியாயம் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

ஏப்ரலில் அட்டலாண்டாவுக்கு எதிராக மாற்று வீரராக வந்து, 3-3 என்று போட்டியைச் சமப்படுத்திய கோலை அடித்தார். மூன்று நாட்களின் பின், ஏப்ரல் 20ஆம் திகதி டொரினோவுக்கு எதிராக ரோமா 2-1 என்று பின்தங்கியிருந்தபோது, 86ஆவது நிமிடத்தில் ஸ்பலெட்டி அவரை இறக்கினார். பிஜானிச் அடித்த ஃப்ரீ கிக் தூரத்துக் கம்பப் பக்கமாக வர, டொட்டி காலை நீட்டிச் சறுக்கி உள்ளே தள்ளினார். களத்துக்கு வந்து அரை நிமிடம்கூட ஆகவில்லை. 89ஆவது நிமிடத்தில் பெனால்டியையும் அடித்து வெற்றி பெற வைத்தார். பார்வையாளர் கூட்டத்தில் வளர்ந்த ஆண்கள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுததைக் கமெரா காட்டியது.

இதிலே இருவருமே சரி என்பது என் எண்ணம். 39 வயதுக்காரரின் கால் 90 நிமிடத்துக்கு உதவாது என்று ஸ்பலெட்டி கணித்ததில் பிழையில்லை. அந்தக் காலில் இன்னும் நான்கு நிமிடம் மிச்சமிருக்கிறது என்று டொட்டி நம்பியதிலும் பிழையில்லை. உங்கள் கழகத்து அண்ணனை அவமதிக்காமல் கடைசி இருபது நிமிடத்துக்கு இறக்கிப் பாருங்கள், தம்பி. களைத்துப்போன பின்களத்துக்கு முன்னால் நின்று பந்து பிரித்துக் கொடுக்க ஓட்டம் தேவையில்லை, கண் இருந்தால் போதும். பெனால்டியை வேண்டுமானால் அவரே வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். டொட்டி சொகுசாக இருந்தார் என்று கல்முனை நானா எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. 2006 பிப்ரவரி 19ஆம் திகதி எம்போலி போட்டியில் அவருடைய இடது கால் முறிந்தது. உலகக் கிண்ணத்துக்கு நான்கு மாதம்கூட இல்லை. உலோகத் தகடும் திருகாணிகளும் வைத்த காலோடு ஜெர்மனிக்குப் போய் இத்தாலியின் ஏழு போட்டிகளிலும் ஆடினார். ஜூன் 26ஆம் திகதி அவுஸ்திரேலியாவுக்கு எதிராகப் பத்துப் பேரோடு ஆடிய இத்தாலிக்கு 95ஆவது நிமிடத்தில் பெனால்டி கிடைத்தது. நம் நேரப்படி இரவு பத்து மணி தாண்டியிருக்கும். நாட்டு நிலைமை கெட்டு, இருட்டிய பின் தெருவில் நடமாட்டமே இல்லாத நாட்கள் அவை. தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு விறாந்தையில் அக்கம்பக்கத்தார் குந்தியிருந்தார்கள். 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் நெதர்லாந்துக் கோல் காப்பாளர் வான் டெர் சாரை ஏமாற்றிப் பந்தை மெதுவாகத் தூக்கி வலைக்குள் விட்டவர், இங்கேயும் அப்படிச் செய்துவிடுவாரோ என்று என் தம்பி முணுமுணுத்தார். டொட்டி அன்று விளையாட்டுக் காட்டவில்லை. கோல் காப்பாளர் சரியான பக்கம் பாய்ந்தும் எட்டாத உயரத்தில், பலமாக அடித்தார்.

சந்தாங்கேணி (கல்முனை):

ரீச்சர், அந்தப் பெனால்டியை நானும் பார்த்தேன். மிலான் ரசிகன் என்றாலும் இத்தாலிக்காக அன்று கை தட்டினேன். வசதி என்ற சொல்லை அந்த ஆண்டுக்கு மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், மற்ற ஆண்டுகளுக்கு அது அப்படியே இருக்கட்டும்.

ஆனால் கல்லடித் தம்பி, விசுவாசத்தையும் ஆட்டத்தையும் நீங்கள் பிரித்துவிட முயல்வது எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை. 1997 தொடக்கத்தில் பயிற்றுநர் கார்லோஸ் பியான்கி அவரை சம்ப்டோரியாவுக்கு இரவல் கொடுக்க ஆயத்தமாக இருந்தார், கழகத்தின் தலைவர் சென்சி சம்மதிக்கவில்லை. அன்று போயிருந்தால் அடுத்து வந்த செமானிடம் அவர் அகப்பட்டிருக்க மாட்டார். முன்னோக்கியே ஆடும் செமானின் பயிற்சியில்தான் அவர் உடலும் ஆட்டமும் உரமேறின. 1998இல் அல்தயரிடமிருந்து கைப்பட்டி கிடைத்ததும் அக்காலத்திலேயே. ஸ்பலெட்டி அவரைத் தனியாக முன்னால் நிறுத்தியதும் அணி முழுவதும் அவருடைய பழக்கங்களை அறிந்திருந்ததால்தான் பலித்தது. பார்க்காமல் போடும் பந்துக்கு ஓடிப் பிடிப்பவன் நெடுநாள் பழக்கமுள்ளவனாக இருக்க வேண்டாமா? மெட்ரிட்டில் அவருக்காக யார் ஓடியிருப்பார்கள்? அங்கே எல்லோரும் பந்தைத் தம் காலுக்குக் கேட்பவர்கள்.

வாவிக்கரை (கல்லடி):

நானா, மெட்ரிட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்று தொடங்கியவரே நீங்கள்தான், இப்போது அங்கே எடுபட்டிருக்க மாட்டார் என்கிறீர்கள். என்றாலும் சொன்னதில் பொருள் இருக்கிறது. தங்கியிருந்ததை நான் நற்பண்பாக மட்டும் பார்த்து ஒதுக்கிவிட்டேன், அது ஆட்டத்துக்கான மூலதனமாகவும் இருந்திருக்கிறது. மெட்ரிட்டார் அவரை மறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2016 மார்ச்சில் அவர் அங்கே மாற்று வீரராக இறங்கியபோது பெர்னபேயு மைதானமே எழுந்து நின்று கை தட்டியது. தம் கழகத்துக்கு வர மறுத்த ஒருவருக்காக.

பழைய விசில் (அக்கரைப்பற்று):

அவர் விட்டுச் சென்றதைப் பற்றியும் எழுத வேண்டுமல்லவா? ஓய்வுக்குப் பின் கழக நிர்வாகத்தில் சேர்ந்தார். தம்மைக் கேட்காமலே முடிவுகள் எடுக்கப்படுகின்றன என்று சொல்லி 2019 ஜூன் 17ஆம் திகதி விலகினார். பட்டம் வென்ற நாளின் பதினெட்டாவது ஆண்டு நிறைவு அது. மறுபுறம், அவர் ஆடுவதை நிறுத்திய அடுத்த பருவகாலத்திலேயே ரோமா பார்சிலோனாவை 3-0 என்று வீழ்த்திச் சம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்குப் போனது. 2022இல் பயிற்றுநர் மொரீனியோவின் கீழ் கொன்பரன்ஸ் லீக் கிண்ணத்தையும் வென்றது. பெரிய மரம் விழுந்த பிறகு கீழேயிருந்த கன்றுகளுக்கு வெயில் கிடைத்தது என்று சிலர் சொல்வார்கள், நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். டொட்டி அணிந்த பத்தாம் இலக்கச் சட்டையை அதன் பின் யாருக்கும் கொடுக்கவில்லை. டிபாலா போன்ற நட்சத்திர வீரரே வந்தும் 21ஆம் இலக்கத்தைத்தான் அணிந்தார். எனக்கு இதில் உடன்பாடில்லை. சட்டையை அலுமாரியில் பூட்டி வைப்பதைவிட, திறமையுள்ள பத்தொன்பது வயதுப் பையனிடம் கொடுத்து அவன் தோளில் அந்தப் பாரத்தை ஏற்றிப் பார்ப்பதே கழகத்துக்கு அழகு.

வந்தாறுமூலை மாணவன்:

எல்லோருக்கும் நன்றி. ரீச்சர் சொன்ன இருபது நிமிட யோசனையைக் கழகக் கூட்டத்தில் வைக்கப் போகிறேன், அண்ணனுக்குப் பெனால்டி உண்டு என்பதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். டொட்டியின் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள எந்தப் போட்டியைப் பார்க்கலாம்? இணையத்தில் தேடினால் கோல் தொகுப்புகளே வருகின்றன.

வாவிக்கரை (கல்லடி):

கோல் தொகுப்புகளைத் தள்ளி வையுங்கள், தம்பி. 2006 நவம்பரில் சம்ப்டோரியாவுக்கு எதிராக, ஒடுங்கிய கோணத்திலிருந்து இடது காலால் பறந்து வந்த பந்தை அப்படியே அடித்த கோலை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எதிரணி ரசிகர்களே எழுந்து நின்ற கோல் அது. அதன் பின் 2007 மார்ச்சில் லியோன் நகரில் நடந்த சம்பியன்ஸ் லீக் போட்டியை முழுமையாகத் தேடி எடுங்கள். ரோமா 2-0 என்று வென்றது. டொட்டி வழக்கத்துக்கு மாறாகத் தலையால் ஒரு கோல் அடித்தார். ஆனால் கோலுக்காகப் பார்க்க வேண்டாம். பந்து வேறு யாரிடமாவது இருக்கும்போது அவர் எங்கே நிற்கிறார், எத்தனை முறை தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

தாளங்குடா ரீச்சர்:

எங்கள் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அதைப் போட்டுக் காட்டலாம் என்று நினைக்கிறேன். அவர்கள் முழுப் போட்டிக்கும் பொறுமையாக இருப்பார்களா என்பதுதான் தெரியவில்லை.

பழைய விசில் (அக்கரைப்பற்று):

முதல் பாதியை மட்டும் போடுங்கள், ரீச்சர். இரண்டு கோல்களும் அதற்குள்ளேயே வந்துவிடும். மன்சினி பின்கள வீரரின் முன்னால் நின்று கால்களை மாற்றி மாற்றிப் பந்துக்கு மேலால் சுற்றி அடித்த இரண்டாவது கோலைப் பார்த்தால், உங்கள் பிள்ளைகள் டொட்டியை மறந்துவிட்டு அதைத்தான் பழகப் போகிறார்கள், அதற்கு ஆயத்தமாக இருங்கள்.